இரண்டாவதாக வருபவரின் நேரம்

ஓட்டப் பந்தயத்தில் கடிகாரத்தை எப்போது நிறுத்துவார்கள்? முதலில் ஓடி வருபவர் எல்லைக் கோட்டைத் தொட்டதும் நிறுத்துவார்கள். இது சிறு குழந்தைக்கும் தெரிந்த விடைதான். ஆனால் தென்னாப்பிரிக்காவின் மலைகளில் 2004 முதல் நடந்துவரும் ஒரு சைக்கிள் பந்தயத்தில் இந்த விடை செல்லாது. அங்கே முதலில் வருபவர் கோட்டைத் தாண்டிய பிறகும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அவருடைய கூட்டாளியும் வந்து சேர்ந்த பிறகுதான் அது நிற்கும். அந்த இரண்டாமவரின் நேரமே அந்த ஜோடியின் நேரம்.

இந்தப் பந்தயத்தின் பெயர் 'கேப் எபிக்'. மலைச் சைக்கிள் ஓட்டுபவர்களிடையே உலகப் புகழ் பெற்றது. இதன் உயரமான ஏற்றங்களைப் பற்றியும், விலை உயர்ந்த சைக்கிள்களைப் பற்றியும் பலர் வியந்து பேசுவார்கள். ஆனால் அதன் விதிப் புத்தகத்தில் உள்ள இந்த ஒரு விதிதான் எல்லாவற்றையும் விட மேலானது என்பது என் கருத்து. அது வெறும் நல்லெண்ணத்தால் எழுந்த விதி அல்ல. இயற்பியலும் உடலியலும் அதன் பக்கம் நிற்கின்றன. எப்படி என்று பார்ப்போம்.

பந்தயம் எப்படிப்பட்டது?

தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மாநிலத்தில் மணற்கல்லால் ஆன மலைத்தொடர்கள் வரிசை வரிசையாக உள்ளன. அவற்றின் ஊடே, தார் போடாத கற்பாதைகளிலும் ஒற்றையடிப் பாதைகளிலும் இந்தப் பந்தயம் நடக்கிறது. இப்போது இது எட்டு நாள் பந்தயம். முதல் நாள் ஒரு குறுகிய முன்னோட்டம். பிறகு ஏழு நாட்கள், நாளுக்கு ஒரு கட்டம். பாதை ஆண்டுக்கு ஆண்டு மாறும். மொத்தத் தூரம் சுமார் 600 முதல் 700 கி.மீ. வரை இருக்கும். தூரத்தைக் கேட்டு, 'இவ்வளவுதானா?' என்று நினைத்துவிடாதீர்கள். எட்டு நாட்களில் ஏறும் ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 15,000 மீட்டர் வரும். எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 8,849 மீட்டர்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஏறத்தாழ 650 ஜோடிகள், அதாவது 1,300 பேர் இதில் கலந்துகொள்கிறார்கள். இரவில் கூடாரங்களில் தங்குகிறார்கள். ஒவ்வொரு நாளும் குறிப்பிட்ட நேரத்துக்குள் கட்டத்தை முடிக்க வேண்டும். ஜோடியில் உள்ள இருவரும் வழி நெடுகிலும் ஒருவரை விட்டு ஒருவர் 2 நிமிடத்துக்கு மேல் விலகக் கூடாது. வழியில் உள்ள சோதனை இடங்களில் இதைக் கவனிப்பார்கள். விலகினால் தண்டனையாக நேரம் கூட்டப்படும்.

ஏன் இந்த 2 நிமிட விதி? முதற் காரணம் பாதுகாப்பு. ஆள் நடமாட்டம் இல்லாத மலைச் சரிவில் ஒருவர் விழுந்து கையை முறித்துக்கொண்டால், பக்கத்தில் இன்னொருவர் இருக்க வேண்டும் அல்லவா? ஆனால் பாதுகாப்புக்காக வைத்த இந்த விதி, பந்தயத்தின் தன்மையையே மாற்றிவிட்டது.

கிரீஸ் உருகிய கதை

மலைச் சைக்கிளின் வரலாறு நீண்டதல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் தமல்பாயிஸ் மலை இருக்கிறது. 1970-களில் அங்கிருந்த இளைஞர்கள் சிலர், தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களில் மலைப்பாதையில் இறங்கி விளையாடினார்கள். 1976 அக்டோபர் 21 அன்று அதையே ஒரு பந்தயமாக நடத்தினார்கள். சுமார் 3 கி.மீ. தூரத்தில் ஏறத்தாழ 400 மீட்டர் இறக்கம். அந்தச் சைக்கிள்களில் பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே பிரேக் இருந்தது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிரேக் பிடிக்கும். ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் குடம் கொதித்து, உள்ளே இருந்த கிரீஸ் உருகிப் புகைந்துவிடும். மீண்டும் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த முறை இறங்கலாம். அதனால் அந்தப் பந்தயத்துக்கே 'மறுபடி அடைப்பது' என்று பொருள்படும் 'ரீபேக்' என்ற பெயர் வந்தது.

ஏன் அப்படிக் கொதித்தது? சிறு கணக்குப் போடுவோம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்று கொள்வோம். 400 மீட்டர் இறங்கும்போது இழக்கும் நிலை ஆற்றல் 90 × 9.8 × 400, அதாவது சுமார் 3,53,000 ஜூல். இதில் ஒரு பகுதி காற்றிலும் டயரிலும் போகும். மீதியெல்லாம் அந்தச் சிறிய பிரேக்கில் வெப்பமாக மாற வேண்டும். 3,53,000 ஜூல் என்பது 30 டிகிரியில் உள்ள 1.2 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது! கைப்பிடிக்குள் அடங்கும் ஓர் இரும்புக் குடம் இதை எப்படித் தாங்கும்?

இன்றைய மலைச் சைக்கிள்களில் திறந்த வெளியில் சுழலும் தகட்டு பிரேக்குகள் உள்ளன. காற்று பட்டு அவை ஆறிவிடுகின்றன. அதிர்வைத் தாங்கும் முன்கவைகள் வந்துவிட்டன. கரடுமுரடான தரையில் காற்றைச் சற்றுக் குறைத்து வைத்த அகலமான டயரே எளிதாக உருளும் என்பதும் தெரிந்துவிட்டது. கல்லின் மேல் கெட்டியான டயர் துள்ளும். மெத்தென்ற டயர் அதை வாங்கிக்கொண்டு உருளும்.

இறங்குவதில் தொடங்கிய விளையாட்டு ஏறுவதற்கும் வளர்ந்தது. மத்திய அமெரிக்காவில் உள்ள கோஸ்டா ரிக்கா நாட்டில், ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைவரை மலைகளைக் கடந்து செல்லும் 'லா ருட்டா' என்ற பல நாள் பந்தயம் 1993-இல் தொடங்கியது. 1998-இல் ஆல்ப்ஸ் மலையைக் குறுக்கே கடக்கும் பந்தயம் வந்தது. கோஸ்டா ரிக்கா பந்தயத்தில் கலந்துகொண்டு திரும்பிய கெவின் வெர்மாக் என்ற தென்னாப்பிரிக்கர்தான் 2004-இல் கேப் எபிக்கைத் தொடங்கினார்.

எட்டு நாளும் எட்டு உழக்கும்

இனி விதிக்கு வருவோம். அதைப் புரிந்துகொள்ள, மலை ஏறுவதற்கு எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று முதலில் தெரிய வேண்டும்.

ஆளும் சைக்கிளும் 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 15,000 மீட்டர் ஏறுவதற்கு 85 × 9.8 × 15,000, அதாவது சுமார் 1.25 கோடி ஜூல் வேலை செய்ய வேண்டும். நம் தசைகள் உணவிலிருந்து பெறும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கைத்தான் வேலையாக மாற்றுகின்றன. மீதி முக்கால் பங்கு வெப்பமாகப் போய்விடுகிறது. ஆகவே செலவாகும் உணவு ஆற்றல் 5 கோடி ஜூல், அதாவது சுமார் 12,000 கிலோ கலோரி. 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 350 கிலோ கலோரி உண்டு. ஏறுவதற்கு மட்டுமே ஒருவர் சுமார் மூன்றரைக் கிலோ அரிசியை 'எரிக்க' வேண்டும் என்றாகிறது. கல்லில் உருளும் டயரின் உராய்வு, காற்றின் தடை, உடல் உயிரோடு இருக்க அன்றாடம் செலவாகும் ஆற்றல் ஆகிய எல்லாம் இதற்கு மேல்.

'இவ்வளவுதானே, நன்றாகச் சாப்பிட்டால் போயிற்று' என்று சொல்லலாம். சிக்கல் அளவில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. தசைகளிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருள் சேமித்து வைக்கப்பட்டுள்ளது. நன்றாகப் பயிற்சி பெற்றவர்களிடமும் இது 400 முதல் 500 கிராம்வரைதான் இருக்கும். அதிலிருந்து கிடைப்பது 2,000 கிலோ கலோரிக்கு மேல் இல்லை. உடம்பில் கொழுப்பு ஏராளமாக இருக்கிறது. ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். கடுமையாக மிதிக்கும்போது உடல் கிளைக்கோஜனையே நாடுகிறது. வழியில் சாப்பிட்டுக்கொண்டே போனாலும், குடல் ஒரு மணி நேரத்தில் உட்கொள்ளக்கூடிய சர்க்கரைப் பொருள் 60 முதல் 90 கிராம்தான். அதாவது மணிக்கு 240 முதல் 360 கிலோ கலோரி. கடுமையான ஏற்றத்தில் செலவோ மணிக்கு 600, 700 என்று போகும். வரவைவிடச் செலவு அதிகம். அப்படியானால் கையிருப்பு ஒரு கட்டத்தில் தீரத்தான் வேண்டும்.

கிளைக்கோஜன் தீர்ந்தால் என்ன ஆகும்? கால்கள் ஈயக் கட்டிகளாகக் கனக்கும். மனமும் மங்கும். நல்ல உணவு உண்டு ஓய்வெடுத்தால் இருப்பு மீண்டும் நிரம்ப ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். ஆனால் இந்தப் பந்தயத்தில் மறுநாள் காலையே மீண்டும் மிதிக்க வேண்டுமே! முதல் நாள் வீரத்தைக் காட்டியவர் அந்தக் கடனை நான்காம் நாள் வட்டியோடு கட்டுகிறார். ஒரு நாள் பந்தயத்தில் வெல்வது வேகம். எட்டு நாள் பந்தயத்தில் வெல்வது கணக்கு.

பகிர முடிவதும் பகிர முடியாததும்

இப்போது ஜோடியைப் பார்ப்போம். எந்த இருவரும் சரிசமமான வலிமை உடையவர்களாக இருக்க மாட்டார்கள். ஒருவர் தொடர்ந்து 250 வாட் திறனோடு மிதிக்கிறார். மற்றவர் 200 வாட். இருவரும் சைக்கிளோடு 85 கிலோ. 1,000 மீட்டர் உயரமான ஒரு கணவாயை ஏற வேண்டும். மற்றத் தடைகளை விட்டுவிட்டு, புவியீர்ப்பை மட்டும் கணக்கில் எடுப்போம். செய்ய வேண்டிய வேலை 8,33,000 ஜூல். 250 வாட்காரருக்கு 55 நிமிடம் 32 விநாடி ஆகும். 200 வாட்காரருக்கு 69 நிமிடம் 25 விநாடி ஆகும். கிட்டத்தட்ட 14 நிமிட வித்தியாசம். விதியோ 2 நிமிடம்தான் அனுமதிக்கிறது!

வலிமையானவர் மற்றவருக்கு எப்படி உதவலாம்? சமவெளியில் இது எளிது. வேகமாகப் போகும்போது பெரும் எதிரி காற்றுதான். காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 10 கி.மீ. போகும்போது இருப்பதைவிட 30 கி.மீ. போகும்போது தடை 9 மடங்கு. அதை வெல்லத் தேவையான திறன் 27 மடங்கு. வலிமையானவர் முன்னால் போய்க் காற்றைக் கிழித்துக் கொடுத்தால் பின்னால் வருபவருக்குக் கணிசமான மிச்சம். ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் இருவரும் மணிக்கு 6, 7 கி.மீ. வேகத்தில் ஊர்கிறார்கள். அங்கே காற்று ஒரு பொருட்டே அல்ல. எதிரி புவியீர்ப்பு. காற்றிலிருந்து ஒருவரை மறைக்கலாம். புவியீர்ப்பிலிருந்து மறைக்க முடியாது. அவரவர் எடையை அவரவர்தான் தூக்க வேண்டும்.

ஆனாலும் ஒன்று செய்யலாம். மெதுவானவர் சுமந்து வரும் தண்ணீர், கருவிகள், காற்றடிக்கும் பம்பு எல்லாம் சேர்த்து 2 கிலோ இருக்கும். அதை வேகமானவர் வாங்கிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது மெதுவானவர் 83 கிலோ. அவருக்கு ஆகும் நேரம் 67 நிமிடம் 47 விநாடி. 1 நிமிடம் 38 விநாடி மிச்சம். வேகமானவர் 87 கிலோவாகிவிட்டதால் அவருக்கு 1 நிமிடம் 18 விநாடி கூடும். அதனால் என்ன நஷ்டம்? அவர் எப்படியும் காத்திருக்கத்தானே போகிறார்! ஜோடிக்கு மிஞ்சுவது முழுமையான ஆதாயம்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். வேகமானவர் கடும் பயிற்சி செய்து தம் திறனை 10 சதவீதம் கூட்டிக்கொள்கிறார். ஏற்றத்தில் ஜோடியின் நேரம் எவ்வளவு குறையும்? ஒரு விநாடிகூடக் குறையாது. மெதுவானவர் அதே 10 சதவீதத்தைக் கூட்டிக்கொண்டால்? 6 நிமிடத்துக்கு மேல் குறையும்.

இந்த உண்மை உங்களுக்குப் புதிதல்ல. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய வேதியியலார் யுஸ்டஸ் ஃபான் லீபிக் பரப்பிய 'குறைம விதி'யை நினைத்துப் பாருங்கள். ஒரு பயிருக்குத் தழைச்சத்தும் சாம்பல் சத்தும் தாராளமாக இருந்தாலும் மணிச்சத்துக் குறைந்தால், அந்தக் குறைந்த சத்துதான் விளைச்சலைத் தீர்மானிக்கும். மற்றவற்றை மேலும் மேலும் கொட்டிப் பயனில்லை. பலகைகள் உயரமும் குட்டையுமாக உள்ள பீப்பாயில், மிகக் குட்டையான பலகையின் உயரம்வரைதான் தண்ணீர் நிற்கும். கேப் எபிக்கின் விதி, லீபிக்கின் விதியை மனிதர்களுக்குப் பொருத்தியதுதான்.

மறுப்புகள்

இந்த விதியை எல்லாரும் ஒப்புக்கொள்வதில்லை. 'விளையாட்டு என்பது தனி மனிதரின் திறமையை அளப்பது. நன்றாக ஓட்டுபவரைச் சுமாராக ஓட்டுபவரோடு கட்டிப்போடுவது நியாயமா?' என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. தனி மனிதரை அளக்கும் பந்தயங்களும் வேண்டும். அவை ஏராளமாக இருக்கவும் இருக்கின்றன. 1996-இல் மலைச் சைக்கிள் ஓட்டம் ஒலிம்பிக்கில் சேர்ந்தபோது தனி நபர் போட்டியாகத்தான் சேர்ந்தது. ஆனால் கேப் எபிக் திறமையை அளக்கவில்லை என்பது தவறு. அது வேறொரு திறமையை அளக்கிறது.

வெற்றியாளர் பட்டியலே சான்று. ஆண்களில் ஜெர்மனியின் கார்ல் பிளாட்டும், சுவிட்சர்லாந்தின் கிறிஸ்டோஃப் சாசரும் ஐந்து ஐந்து முறை வென்றிருக்கிறார்கள். பிளாட் முதற் பந்தயத்தில், 2004-இல், நமீபியாவின் மேனி ஹேமன்ஸோடு வென்றார். பிறகு ஸ்டெஃபான் சாமுடன் மூன்று முறை. 2016-இல் உர்ஸ் ஹூபருடன் ஒரு முறை. சாசர் 2011-லும் 2012-லும் தென்னாப்பிரிக்க இளைஞர் பெரி ஸ்டாண்டருடன் வென்றார். 2013 ஜனவரியில் ஸ்டாண்டர் பயிற்சிக்காகச் சாலையில் சென்றபோது விபத்தில் உயிரிழந்தார். அவருக்கு வயது 25. அவ்வாண்டுப் பந்தயத்தில் சாசர் செக் நாட்டின் யாரோஸ்லாவ் குல்ஹாவியோடு சேர்ந்து ஓட்டி வென்றார். 2015-இல் மீண்டும் அவரோடு வென்றார். கூட்டாளிகள் மாறினாலும் வெற்றி மாறவில்லை. பிறரோடு சேர்ந்து ஓட்டத் தெரிவது ஒரு திறமை. அதைக் கால் தசையைப் போலவே வளர்க்க முடியும் என்பதை இது காட்டவில்லையா?

'மெதுவானவருக்கு இது அவமானம் அல்லவா?' என்று கேட்பவர்களும் உண்டு. தம்மால் மற்றவர் தாமதப்படுகிறார் என்ற எண்ணம் வருத்தும் என்பது உண்மையே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எட்டு நாளும் ஒருவரே மெதுவானவராக இருப்பதில்லை. இன்று ஏற்றத்தில் முந்துபவர் நாளை வயிற்றுக் கோளாறால் பின்தங்குவார். இறக்கத்தில் ஒருவர் துணிச்சல்காரர். வெயிலில் மற்றவர் தாக்குப் பிடிப்பவர். 'பலவீனமானவர்' என்பது ஓர் ஆளின் பெயர் அல்ல. ஒரு நேரத்தின் நிலை. எட்டு நாள் சேர்ந்து ஓட்டினால் இது விளங்கிவிடும். நூறு மீட்டர் ஓட்டத்தில் இது விளங்க வழியே இல்லை.

மூன்றாவது மறுப்பு பணத்தைப் பற்றியது. இதை நான் மறுக்கப் போவதில்லை. இந்தப் பந்தயத்தில் கலந்துகொள்ளப் பெரும் பணம் வேண்டும். சைக்கிளுக்கு வேறு பணம் வேண்டும். உலகத்தின் பெரும்பாலான இளைஞர்களுக்கு இது எட்டாக் கனி. ஆனால் விதிக்கு விலை இல்லை. எந்த ஊரிலும் எந்தச் சைக்கிளிலும் அதைக் கடைப்பிடிக்கலாம்.

மூன்றாவது கூட்டாளி

இவ்வளவு புகழ்ந்த பிறகு ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ஜோடியில் இருவர் மட்டும்தானா இருக்கிறார்கள்? இருவரையும் தாங்கும் மண்ணை மறந்துவிடக் கூடாது.

பந்தயம் நடக்கும் மலைகளில் வளர்வது 'ஃபைன்பாஸ்' என்னும் புதர்க்காடு. குட்டையான, மெல்லிய இலைகளைக் கொண்ட செடிகள். பார்வைக்கு வறண்ட புதர்போலத் தோன்றும். ஆனால் உலகிலேயே மிகச் செழுமையான தாவர வகைகள் உள்ள இடங்களில் இது ஒன்று. கேப் மலர்ப் பிரதேசத்தில் ஏறத்தாழ 9,000 வகைப் பூக்கும் தாவரங்கள் உள்ளன. அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உலகில் வேறெங்கும் இல்லை. இப்பகுதியின் பாதுகாக்கப்பட்ட இடங்களை யுனெஸ்கோ 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பந்தயம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

இந்தச் செடிகள் வளரும் மணற்கல் மண்ணில் சத்து மிகக் குறைவு, குறிப்பாக மணிச்சத்து. லீபிக்கின் குட்டைப் பலகை இங்கே மணிச்சத்துதான். அதைத் தேடிப் பிடிக்கவே, புரோட்டியா குடும்பத்துச் செடிகள் கொத்துக் கொத்தான மெல்லிய வேர்களை மண்ணின் மேலடுக்கிலேயே விடுகின்றன. அந்த மேலடுக்குப் பெயர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சைக்கிள் மட்டும்தான் மண்ணைக் கெடுக்கிறது என்பது நியாயம் ஆகாது. நடப்பவரின் காலும் மண்ணைப் பெயர்க்கும். குதிரையின் குளம்பு இன்னும் ஆழமாகப் பெயர்க்கும். ஆனால் இறக்கத்தில் பிரேக்கை அழுத்திச் சக்கரத்தை வழுக்க விட்டால் மண்ணில் நீளமான தடம் விழும். மழை பெய்யும்போது அந்தத் தடம் வாய்க்காலாகும். வாய்க்கால் ஆழமாக ஆழமாக நீரின் வேகம் கூடும். வேகம் கூடக்கூட அரிப்பும் கூடும். ஒரே பாதையில் ஒரே நாளில் 1,300 பேர் போகும்போது இது சிறிய விஷயம் அல்ல.

இதற்கு வழிகள் இல்லாமல் இல்லை. சரிவுக்கு நேர் கீழாகப் பாதை போடாமல், சரிவுக்குக் குறுக்கே சம உயர வாக்கில் போட வேண்டும். நீர் தேங்காமல் பக்கவாட்டில் வழிந்தோட ஆங்காங்கே கற்களை வரிசையாகப் பதிக்க வேண்டும். ஈரமான மண்ணில் சக்கரம் எளிதில் புதையும் என்பதால், பெருமழைக்குப் பின் பாதையை மாற்றவோ கட்டத்தைக் கைவிடவோ தயங்கக் கூடாது.

இதற்கும் மேலாக நான் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. இந்தப் பந்தயத்தின் சிறந்த விதி, மெதுவானவரின் வேகத்தில் போ என்கிறது. அந்த விதியை மண்ணுக்கும் நீட்ட வேண்டும். ஓட்டுபவர்களின் கிளைக்கோஜன் ஒரு நாளில் நிரம்பிவிடும். அரிக்கப்பட்ட மலை மண் மீண்டும் உருவாக நூற்றாண்டுகள் ஆகும். எல்லாரிலும் மெதுவான கூட்டாளி மண்தான். எத்தனை பேர் கலந்துகொள்ளலாம், எந்தப் பாதையில் போகலாம் என்பதை விண்ணப்பங்களின் எண்ணிக்கை தீர்மானிக்கக் கூடாது. மண் தாங்கும் அளவே தீர்மானிக்க வேண்டும். கூட்டாளியை விட்டு 2 நிமிடம் விலகினாலே தண்டிக்கும் பந்தயம், மண்ணை விட்டுப் பல நூறு ஆண்டுகள் விலகிப் போவது பொருந்துமா?

செய்து பாருங்கள்

மாணவ நண்பர்களே, என் கருத்தை அப்படியே ஏற்க வேண்டாம். சோதித்துப் பாருங்கள். வண்டி வராத ஒரு மேட்டுப் பாதையைத் தேர்ந்தெடுங்கள். நண்பர்கள் இருவர் தனித்தனியே சைக்கிளில் ஏறி, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இருவரும் சேர்ந்து, ஒருவரை விட்டு ஒருவர் பத்தடிக்கு மேல் விலகாமல் ஏறுங்கள். இரண்டாமவர் மேலே வந்ததும் கடிகாரத்தை நிறுத்துங்கள். அடுத்து, மெதுவானவரின் புத்தகப் பையை வேகமானவர் முதுகில் மாட்டிக்கொண்டு ஏறுங்கள். ஒவ்வொரு முறைக்கும் இடையே நன்றாக ஓய்வெடுங்கள். இல்லையேல் களைப்பு கணக்கைக் கெடுத்துவிடும். இறங்கும்போது பிரேக்கைச் சோதித்துக்கொண்டு மெதுவாக இறங்குங்கள். மூன்று நேரங்களையும் எழுதி ஒப்பிடுங்கள். மேலே நாம் போட்ட கணக்கோடு அவை ஒத்துப்போகின்றனவா? ஒத்துப்போகாவிட்டால் ஏன்?

உங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் எத்தனையோ போட்டிகள் நடக்கின்றன. ஏறக்குறைய எல்லாமே முதலில் வருபவரைத் தேடுபவை. அவற்றோடு ஒரே ஒரு போட்டியைச் சேர்க்கும்படி உங்கள் உடற்பயிற்சி ஆசிரியரிடம் கேளுங்கள். வகுப்புக்கு ஐந்து பேர் சேர்ந்து ஓடட்டும். ஐந்தாவதாக வருபவரின் நேரமே வகுப்பின் நேரம். அந்தப் போட்டிக்குப் பயிற்சி செய்யும் நாட்களில் வகுப்பில் யாரைச் சுற்றிக் கூட்டம் கூடுகிறது, யாருக்கு எல்லாரும் ஓடக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று கவனியுங்கள். பரிசு யாருக்குக் கிடைக்கிறது என்பதைவிட அது சுவையான சோதனையாக இருக்கும்.